நாலாம் வரிசை, மூன்றாம் சதுரம்

மார்ச் 3, சனி

காலையில் கிறேஸ் ரீச்சர் என் தையல் கடைக்கு வந்தார். ஓய்வு பெற்றபிறகு எங்கள் ஊர் மாதர் சங்கத்தை நடத்துகிறவர். வெட்டுமேசையில் ஒரு பெரிய கடதாசியை விரித்தார். எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு சதுரம். நாற்பத்தெட்டு. ஒவ்வொன்றும் பன்னிரண்டு அங்குலம். காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு சதுரத்தில், தங்களுக்கு நினைவிருப்பதை நூலால் தைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இருபத்துநாலு. மற்ற இருபத்துநாலும் தெற்கே ஓர் ஊரிலிருந்து வரும். அங்கேயும் சண்டைக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் தாய்மார் தைக்கிறார்களாம். எல்லாவற்றையும் ஒரே துணியாக இணைத்து, மே மாதம் முதலில் இங்கேயும் பிறகு அங்கேயும் தொங்கவிடுவது.

"இணைக்கிறது நீர்தான் நவம். வாசிகசாலைக் கூரையும் கழட்டியாச்சு. இருந்து தைக்க உம்மட முன் அறையையும் தாரும்," என்றார்.

மெஷினின் பெல்ற் தேய்ந்துபோயிற்று என்றேன்.

"முந்தநாள்தானே மாத்தினவர்," என்று உள்ளேயிருந்து யோகம் குரல் கொடுத்தாள். கடையில் பேசுவதெல்லாம் என் மனைவிக்குக் குசினி அடுப்புவரை கேட்கும்.

ஓம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ரீச்சர் இருபத்துநாலு பேரின் பட்டியலை வைத்துவிட்டுப் போனார். பெரும்பாலும் தெரிந்த பெயர்கள்தான். பதினாலாவது பெயர் இராசமலர். அவர் எந்தக் கூட்டத்துக்கும் போகாதவர். பெயரை எழுதியிருக்கிறார்கள். வரமாட்டார்.

பின்னேரம் பள்ளிக்கூடக் காற்சட்டை ஆறு வெட்டினேன். ஒன்றில் கால் அளவு பிழைத்துவிட்டது.

மார்ச் 6, செவ்வாய்

பதினொரு பேர் வந்தார்கள். முன் அறையில் பாய் போட்டுக் கொடுத்தேன். ஒருத்தி சைக்கிள் தைக்கிறாள். ஒருத்தி மூக்குக்கண்ணாடி. பவளம் தன் மனுசனின் முகத்தை எடுத்துக்கொண்டு பாதிச் சதுரத்துக்கு மீசையே தைத்துவிட்டாள்.

"முகத்தை எங்கையடி வைக்கப்போறாய்?" என்று கேட்டார்கள்.

"முகம் கிடக்கட்டும். இந்த மீசையைப் பாத்துத்தானே நான் ஓமெண்டனான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். "நவமண்ணை, உங்களுக்கு அவற்ற மீசை ஞாபகம் இருக்கெல்லே?"

இல்லை என்றேன்.

"சும்மா சொல்லாதேங்கோ. எங்கட கலியாணச் சட்டையே நீங்கள்தானே தைச்சது."

எத்தனையோ பேருக்குத் தைக்கிறேன், எல்லாருடைய மீசையும் எப்படி நினைவிருக்கும்?

இராசமலர் அக்கா வரவில்லை. நல்லது. இடமும் காணாது, பதினொரு பேருக்கே நெருக்கம்.

மார்ச் 8, வியாழன்

மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். நேற்றும் விட்டேன்.

மார்ச் 10, சனி

இராசமலர் அக்கா வந்தார்.

வாசலோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ரீச்சர் கொடுத்த வெள்ளைச் சதுரத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஊசியில் நூல்கூடக் கோர்க்காமல் இரண்டு மணித்தியாலம் இருந்தார். முன்பெல்லாம் மகன் கேதீசின் உடுப்புக்கு அவர்தான் கடைக்கு வருவார். இருபத்தொரு வருடமாகச் சந்தையில் கண்டால் தலையாட்டுவோம். அவ்வளவுதான்.

"சுகமே நவம்?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா," என்றேன். பொபின் நூல் முடிந்துவிட்டதென்று சொல்லிச் சந்திவரை நடந்து போனேன். நூல் இருக்கிறது. இரண்டு பெட்டி இருக்கிறது. வெயிலில் கொஞ்சம் நடந்தால் முதுகுக்கு நல்லது என்று டொக்டரும் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 13, செவ்வாய்

"உம்மட்டச் சாக்குத் துண்டு கிடக்கே?" என்று இராசமலர் அக்கா கேட்டார்.

இல்லை என்றேன்.

"உது?"

மூலையில் வெட்டுத்துணி போட்டுவைக்கிற அரிசிச் சாக்கு மூன்று அடுக்கிக் கிடந்தது. அது ஊத்தை என்றேன். ஊத்தை பரவாயில்லை என்றார். கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி அவரே வெட்டினார். கத்தரிக்கோலைப் பிறகு இரண்டு தடவை கழுவினேன். சாக்குத் தூசி கூருக்குக் கூடாது.

மார்ச் 17, சனி

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

இராசமலர் அக்கா சாக்கைத் தலையும் கழுத்துமாக வெட்டி வெள்ளைச் சதுரத்தில் பொருத்தியிருக்கிறார். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துளை. துளையைச் சுற்றிச் சிவப்பு நூலால் பொத்தான்கண் தையல். நல்ல தையல். நெருக்கமாக, ஒரே அளவில் போட்டிருக்கிறார்.

பெண்கள் கிட்ட வந்து பார்த்தார்கள். ரீச்சர்தான் மெதுவாகக் கேட்டார். "இதென்ன மலர்?"

"எல்லாரும் தங்கட பிள்ளையின்ர முகத்தைத் தைக்கினம். நான் கண்ணை மூடினா எனக்கு வாறது உதுதான்."

பிறகு சொன்னார். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த காலை. எங்கள் ஊர், அடுத்த ஊர் ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி, ஒவ்வொருவராக ஒரு வாகனத்துக்கு முன்னால் நடக்க விட்டார்கள். வாகனத்துக்குள் சாக்கு மூடிய ஒருவன். தலையாட்டி. அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைப் பிடித்துத் தனியே நிறுத்துவார்கள். பெண்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். ஏழு பேருக்குத் தலை ஆடியது. மூன்று பேர் பிறகு வந்தார்கள். நாலு பேர் வரவில்லை. கேதீசுக்குப் பத்தொன்பது வயது. பவளத்தின் மனுசனும் அந்த நாலில் ஒருவர்.

"அந்த நாசமாப் போவானுக்கோ எங்கட துணியில இடம்?" என்றாள் பவளம்.

"தெற்கிலயிருந்து வாற தாய்மாரும் இதைப் பாப்பினம், மலர்," என்றார் ரீச்சர். "சமாதானத்துக்கெண்டு செய்யிற வேலை. பாக்கிற ஆக்களுக்கு இது ஒரு குற்றச்சாட்டு மாதிரி இருக்காதே?"

"நான் ஒருத்தரையும் குற்றம் சொல்லேல்ல ரீச்சர். எனக்கு உவனிட்ட ஒரு கேள்வி இருக்கு. அவ்வளவுதான்."

என்ன கேள்வி என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் எத்தனையோ பேருக்குச் சாக்குப் போட்டார்கள். எவன் என்று இனி யார் சொல்வது? அந்த மாதம் நானும் பத்தொன்பது நாள் இராணுவக் காம்பில் இருந்தேன். வரும்போது இடது கையில் இரண்டு விரல் மடங்காது. அதுவும் ஊருக்குத் தெரியும்.

மார்ச் 18, ஞாயிறு

கடற்கரைக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். "ஆரையும் தேடுறியளே?" என்று யோகம் கேட்டாள்.

மார்ச் 20, செவ்வாய்

சாக்குச் சதுரம் வேண்டுமா வேண்டாமா என்று பேசினார்கள். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். பாதிப் பேர் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ரீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"நீரும் உள்ள இருந்து அடி வாங்கின ஆள். இணைக்கப்போறதும் நீர். நீர் என்ன சொல்லுறீர்?"

"வேண்டாம் ரீச்சர். சாக்கு நல்ல தடிப்பு. இணைக்கேக்க ஊசி முறியும்."

இராசமலர் அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஊசி முறியுமா என்று யோசிப்பது போலத்தான் பார்த்தார். பிறகு சதுரத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

அந்த வேலை முடிந்தது. மத்தியானம் யோகம் நண்டுக் கறி வைத்திருந்தாள். எனக்குப் பிடிக்கும். சாப்பிட முடியவில்லை.

மார்ச் 22, வியாழன்

"சாக்குக்கு ஊசி முறியுமே?" என்று யோகம் கேட்டாள். "நீங்கள் தார்ப்பாய் தைக்கிறனீங்கள்."

அது வேறு ஊசி என்றேன்.

"அந்த ஊசியைப் போடுறதுதானே."

ஐந்து வாடிக்கைக்காரருக்கு இன்று உடுப்புக் கொடுக்க வேண்டும். ஒன்றும் முடியவில்லை. உட்கார்ந்தால் உடம்பு எழும்பச் சொல்கிறது, எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை.

மார்ச் 27, செவ்வாய்

தெற்கிலிருந்து பார்சல் வந்தது. ரீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் பரப்பினார். பூசணிக்கொடி ஒன்று. கிரிக்கெட் மட்டை ஒன்று. குழந்தைச் சப்பாத்து ஒரு சோடி. ஒன்றில் எதுவுமே இல்லை, நடுவில் ஒரு திகதி மட்டும் நீல நூலில். எங்கள் பெண்கள் முதலில் தள்ளி நின்று பார்த்தார்கள். பிறகு ஒருத்தி குனிந்து பின்பக்கத்தைத் திருப்பி முடிச்சுக்களைப் பார்த்தாள். "கெட்டிக்காரியள்," என்றாள். அதற்குப் பிறகு எல்லாரும் கிட்டப் போனார்கள்.

கூடவே ஒரு கடிதம். திகதிச் சதுரம் செய்த சோமாவதி என்ற பெண் தங்கள் மொழியில் எழுதியது. ரீச்சருக்கு அந்த மொழி தெரியும், வாசித்துத் தமிழில் சொன்னார். 'எங்களுக்கு நோகுமென்று நினைத்து எதையும் எடுத்துவிடாதீர்கள். என் மகன் உங்கள் ஊர்ப்பக்கம் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்களில் ஒருவர் அதைத் தைத்திருந்தால் அதை என்னுடையதற்குப் பக்கத்தில் வையுங்கள்.'

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேரே இராசமலர் அக்கா வீட்டுக்குப் போனார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்.

"ஊசி முறியுமெண்டு நவம்தானே சொன்னது, அவரே வந்து சதுரத்தை வாங்கிக்கொண்டு போகட்டுமாம். இல்லாட்டித் தரமாட்டாவாம்," என்றார். "போய் வாருமன். ஒரு வார்த்தைதானே."

மார்ச் 28, புதன்

போனேன். படலைவரை போனேன். படலைக் கதவுக்கு அப்பால் கிணற்றடியில் அக்கா நின்றார். சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.

மார்ச் 29, வியாழன்

போனேன்.

இராசமலர் அக்கா முற்றத்தில் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "வாரும். உதில இரும்," என்று கதிரையைக் காட்டினார். சதுரம் மடித்தபடி யன்னல் விளிம்பில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். எழும்பினேன். எடுத்தேன்.

"ஊசி முறியாதோ?" என்று கேட்டார்.

"முறியாது அக்கா. நான் பொய் சொன்னனான்."

"ஏன்?"

சுளகு நிற்கவில்லை. உமி ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம்.

"அக்கா, அதுக்குள்ள இருந்தது நான்."

இந்த வசனத்தை எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் இதற்கு முன்னால் அடியையும், விரலையும், தலைகீழாகக் கட்டித் தூக்கியதையும் சொல்லித்தான் தொடங்குவேன். இன்று ஒன்றும் முன்னால் வரவில்லை.

சுளகு நின்றது.

"போம்," என்றார்.

படலைவரை போனேன். பிறகு நின்றேன். மற்றதையும் சொல்லாமல் போனால் இனி ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"அக்கா, பிடிச்சு மூன்றாம் நாள் கேதீசைக் காம்புக்குள்ள கண்டனான். பின்பக்கத்துத் தகரக் கொட்டிலுக்க. என்னைத் தண்ணி அள்ள விட்டவங்கள். அப்ப கண்டனான். இருந்தவன்."

"உயிரோட?"

"ஓம். சுவரோட சாய்ஞ்சு இருந்தவன். அடுத்த நாள் கொட்டில் வெறுமையாக் கிடந்தது. அதுக்குப் பிறகு தெரியாது."

அவர் எழும்பினார். சுளகு கவிழ்ந்து உளுந்து முற்றமெல்லாம் சிந்தியது.

"இருபத்தொரு வருஷம்," என்றார். "நான் ஏறாத கந்தோர் இல்லை. அப்பிடி ஒரு ஆளை நாங்கள் பிடிக்கவே இல்லையெண்டு எழுதித் தந்தவங்கள். ஒருத்தர் கண்டதாச் சொன்னாலும் காணும் எண்டு எத்தனை பேரின்ர காலில விழுந்தனான். நீர் இஞ்ச, நாலு ஒழுங்கை தள்ளி இருந்து காற்சட்டை தைச்சுக்கொண்டிருந்தனீர்."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இப்ப என்னத்துக்குச் சொன்னனீர்? சொல்லிப்போட்டுப் போய் நித்திரை கொள்ளுவீர். நான்?"

குனிந்து உளுந்தை அள்ளத் தொடங்கினேன்.

"திங்கக்கிழமை முதல் பஸ். காணாமல் போனவையின்ர பதிவு எடுக்கிற கந்தோருக்கு. இஞ்ச சொன்னதை அங்க சொல்லி, கையெழுத்து வைக்க வேணும். வருவீரோ?"

"வாறன்."

"சதுரத்தை வைச்சிட்டுப் போம்."

வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 30, வெள்ளி

யோகத்திடம் சொன்னேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, கோப்பைகளை அவள் கழுவி முடித்தபிறகு.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எத்தினை பேருக்கு ஆட்டினீங்கள்?"

"ஏழு."

"பவளத்தின்ர மனுசன்?"

"ஓம்."

நாங்கள் கட்டி இருபத்தெட்டு வருடம். நான் காம்பிலிருந்து வந்தபோது அவள்தான் இரண்டு மாதம் எனக்குச் சோறு ஊட்டினாள். உள்ளே போய்ப் பையில் நாலு சீலையை வைத்தாள். "அக்கா வீட்டை போறன்," என்றாள். அவளுக்குப் பஸ் நிற்குமிடம்வரை பை தூக்கிக்கொண்டு போனேன். தூக்கக்கூடாதென்று அவள் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, திங்கள்

முதல் பஸ். இராசமலர் அக்கா முன்னுக்கு இருந்தார். நான் மூன்று இருக்கை பின்னால்.

கந்தோரில் ஒரு இளம் பெண் பதிவு எடுத்தாள். என் மகளாக இருந்திருக்கக்கூடிய வயது. ஏழு பெயரையும் சொன்னேன். எங்கள் ஊரவர் நாலு பேர், அடுத்த ஊரவர் மூன்று பேர். வாகனத்தில் எந்தப் பக்கம் இருந்தேன், தகரக் கொட்டில் எங்கே, கேதீசை எந்த நாள், எந்த நேரம் கண்டேன், என்ன உடுத்தியிருந்தான். அதைக் கேட்டதும் என்னால் உடனே சொல்ல முடிந்தது. சாம்பல் நிற லோங்ஸ். நான் தைத்தது. அந்தக் கிழமைதான் தாயார் வாங்கிக்கொண்டு போனார்.

"ஏன் ஐயா தலையாட்டினீங்கள்?" என்று கேட்டாள். எழுதுவதற்காகத்தான் கேட்டாள்.

அடித்தார்கள், ஆட்டாவிட்டால் கொல்வோம் என்றார்கள் என்றேன். எழுதினாள். அதுவும் பொய்யில்லை. கையெழுத்து வைத்தேன். இராசமலர் அக்கா முழு நேரமும் பக்கத்துக் கதிரையில் நேரே இருந்தார்.

பஸ்ஸால் இறங்கியதும் அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். வாகையடியில் நின்றார்.

"அங்க அந்தப் பிள்ளைக்குச் சொன்னது எனக்குக் காணாது. நூற்றுக்கணக்கில ஆம்பிளையள் நடந்தவங்கள். எல்லாருக்கும் நீர் ஆட்டேல்லத்தானே. ஏன் என்ர பிள்ளைக்கு?"

இதுதான் அவருடைய கேள்வி. எனக்குப் பதில் தெரியும். அன்றையிலிருந்து தெரியும். இந்த டயறியில்கூட எழுதவில்லை.

"என்ர வலது காலின்ர சின்னவிரல் வெளியால திரும்பியிருக்கும் அக்கா. மெஷின் மிதிக்கேக்க கடைக்கு வாற எல்லாரும் பாக்கிறது. எனக்கு முகத்துக்குத்தான் சாக்கு. கால் வெறுங்கால், வாகனக் கதவும் திறந்து கிடந்தது. கேதீஸ் கிட்ட வந்து குனிஞ்சவன். காலைக் கண்டிட்டான். நிமிந்து அந்த ஓட்டையைப் பாத்து, மெள்ளமாய், 'நவமண்ணை' எண்டு கூப்பிட்டவன்."

"பயத்திலயோ?"

"இல்லை. உங்களுக்கு என்ன நடந்தது எண்டு கேக்கிற மாதிரி."

அவர் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.

"நான் பயந்திட்டன் அக்கா. அவன் போய் ஊருக்குச் சொல்லிப்போடுவான் எண்டு. அதுதான் ஆட்டினனான். அவனுக்கு மட்டும் அவங்கள் கேட்டு நான் ஆட்டேல்ல."

வாகை மரத்தின் அடியில் ஒரு ஓட்டோக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராசமலர் அக்கா ஒழுங்கைக்குள் திரும்பினார். நடந்து போனார். நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. ஓட்டோக்காரர்தான் "எங்க போக வேணும் அண்ணை?" என்று கேட்டார்.

ஏப்ரல் 3, செவ்வாய்

தையலுக்கு ஒருவரும் வரவில்லை. பாயை விரித்து வைத்திருந்தேன்.

ஏப்ரல் 7, சனி

ஊருக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட உடுப்புக்குத் தந்த துணிகளை வெட்டாமலே திருப்பி வாங்கிப் போகிறார்கள். யாரும் திட்டவில்லை. "அவசரமில்லை, பிறகு பாப்பம்" என்கிறார்கள்.

பவளம் பத்து மணியளவில் வந்தாள். வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"என்ர சதுரத்தைத் தாங்கோ."

எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "மீசை ஞாபகமில்லையெண்டு சொன்னீங்கள். அதைத்தான் அண்ணை என்னால தாங்கேலாமல் கிடக்கு," என்றாள்.

எனக்கு அந்த மீசை நன்றாக நினைவிருக்கிறது. நுனி இரண்டையும் முறுக்கி வைத்திருப்பார். அன்று காலையில் முறுக்கியிருக்கவில்லை.

ஏப்ரல் 10, செவ்வாய்

கிறேஸ் ரீச்சர் வந்தார். வேறு தையல்காரரைப் பார்க்கச் சொன்னேன். "பாத்திட்டன். வேற ஒருத்தரிட்டையும் இதுக்கு ஏற்ற மெஷின் இல்லை," என்றார். பிறகு, "அது மட்டும் காரணமில்லை," என்றார். மற்றக் காரணத்தைச் சொல்லவில்லை. தெற்கத்திச் சதுரங்களையும், எங்கள் ஆட்கள் முடித்த பதினெட்டையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 12, வியாழன்

யோகம் வந்துவிட்டாள். பையை வைத்தாள். முகம் கழுவினாள். குசினிக்குள் போய், "அரிசி இல்லையே, பதின்மூன்று நாளும் என்ன திண்டனீங்கள்?" என்றாள். பாய் தனியே போட்டிருக்கிறாள். அது அவள் விருப்பம்.

ஏப்ரல் 14, சனி

வருடப்பிறப்பு. எங்கேயும் போகவில்லை. முதல் மூன்று வரிசை இணைத்தேன்.

ஏப்ரல் 17, செவ்வாய்

நாலு பெண்கள் தங்கள் சதுரங்களை யோகத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைக்குள் வராமல் குசினிப் பக்கத்தால். இன்று நாலாம் வரிசையைத் தொடங்கினேன். இரண்டு சதுரம் முடிந்தது. மூன்றாவதாக என்ன வைப்பதென்று தெரியவில்லை. நாலாவது சோமாவதியின் திகதி. அதை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு மெஷினை மூடினேன்.

ஏப்ரல் 21, சனி

காலை ஒன்பது மணிக்கு இராசமலர் அக்கா வந்தார். தனியே. கைப்பையிலிருந்து இரண்டு சதுரம் எடுத்து மேசையில் வைத்தார். மேலே இருந்தது பவளத்தின் மீசை.

"தைக்கட்டாம். ஆனா உம்மட கடைக்குள்ள காலடி வைக்கமாட்டாவாம்," என்றார்.

கீழே இருந்தது சாக்கு. அதில் எதுவும் மாற்றவில்லை. அதே இரண்டு துளை.

பிறகு பிளவுசுக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். கந்தோரிலிருந்து வந்தது. இரண்டே இரண்டு வரி. முறைப்பாடு மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது, மேற்படி நபர் முகாமில் காணப்பட்டதாகச் சாட்சியம் கிடைத்துள்ளது. வாசித்து முடித்ததும் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

"இதால அவன் வரப்போறதில்லை. எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா 'அப்பிடி ஒரு ஆள் இல்லை' எண்டு எழுதாத முதல் கடுதாசி இதுதான்."

"எங்க வைக்க அக்கா?" என்று கேட்டேன்.

பாயில் கிடந்தவற்றைப் பார்த்தார். வெறுமையாக விட்டிருந்த நாலாம் வரிசை மூன்றாம் இடத்தைக் கண்டார். பக்கத்தில் இருந்த நீலத் திகதியையும் கண்டார். விரலால் அதைத் தடவினார்.

"கடிதம் எழுதின மனுசியின்ரயோ இது?"

"ஓம்."

"இதுக்குப் பக்கத்தில."

பெரிய ஊசியை மாட்டினேன். துணி இப்போது ஆறடி அகலம். மேசைக்கு வெளியே சரிந்து தன் பாரத்தால் இழுத்தது. தையல் கோணியது. நிறுத்திப் பிரித்தேன். மறுபடி கோணியது. இராசமலர் அக்கா எழும்பி வந்து, மெஷினின் மறுபக்கம் நின்று, சரிந்த துணியைச் சேர்த்து இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார்.

"தையும்," என்றார்.

நான் மிதித்தேன். அவர் விட்டு விட்டுக் கொடுத்தார். சாக்கின் ஓரம் நீலத் திகதியின் ஓரத்தோடு நேராகப் போனது. இரண்டு பக்கம் முடித்து மூன்றாம் பக்கத்துக்குத் திருப்பினோம். யோகம் இரண்டு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அக்கா தன்னுடையதைக் குடிக்கவில்லை.

வரிசை முடிந்ததும் துணியை மெல்ல இறக்கி வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் நின்றார்.

"மற்ற வீடுகளுக்குப் போய்ச் சொன்னீரோ?"

"இல்லை. கந்தோரில பேர் குடுத்தனான்தானே."

"கந்தோரில குடுத்தது கந்தோருக்கு. அடுத்த ஊரில மரியாம்பிள்ளை அண்ணை, மகன் வருவானெண்டு இப்பவும் கேற் பூட்டாமல் இருக்கிறார். நீர்தான் எண்டு அவருக்கு ஒருத்தரும் சொல்லியிருக்கமாட்டினம். நீர் போய்ச் சொல்ல வேணும்."

"நீங்களும் வருவியளே அக்கா?"

"நான் ஏன் வாறன்?" என்றார். "செவ்வாய்க்கிழமை அஞ்சாம் வரிசைக்கு வருவன்."

ஏப்ரல் 22, ஞாயிறு

காலை எட்டரைக்கு அடுத்த ஊருக்குப் போனேன். சைக்கிளில் நாற்பது நிமிடம். மரியாம்பிள்ளை அண்ணையின் வீட்டுக் கேற் பூட்டியிருக்கவில்லை. இருந்தாலும் தள்ளாமல் வெளியே நின்று மணியடித்தேன்.

அவர் பூசைக்குப் போக வெளிக்கிட்டு, வெள்ளைச் சட்டையோடு வந்தார். காது கொஞ்சம் மந்தம். என்னை உற்றுப் பார்த்து அடையாளம் பிடித்ததும் முகம் மலர்ந்தது.

"அட, தையல்கார நவமே! வாரும் வாரும். கிறேஸ் ரீச்சற்ற துணி விஷயமோ? மகன்ர பேரையும் போட வேணுமெண்டு சொல்லிவிடத்தான் நானும் இருந்தனான்."

"இல்லை அண்ணை," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கிட்டப் போய், சத்தமாக மறுபடி சொன்னேன். "துணி விஷயமில்லை."